சேவையகச் செய்நிரல்கள் முடியுமாறு

செய்நிரல் எழுதப் பயில்வோர் அதனைத் தொடக்கும் வழிகளையே முதலிற் கற்கின்றனர். அஃது எவ்வாறு முடிதல் வேண்டுமென்பதுபற்றிச் சிந்திப்போர் சிலரே. கணக்கொன்றைச் செய்து ஓய்ந்துவிடும் சிறு செய்நிரலுக்கு இஃதொரு பெருங்குறையன்று. இரவு பகலாக இயங்கிப் பலருடைய வேண்டுகோள்களை ஒரே வேளையில் ஏற்கும் சேவையகச் செய்நிரலுக்கோ முடிவின் ஒழுங்கு இன்றியமையாதது. தந்தையொருவர் தம் வங்கிக் கணக்கிலிருந்து மகனுடைய கணக்கிற்குக் கல்விச் செலவுக்கான பணத்தை மாற்றுகின்றார் எனக் கொள்வோம். அவர் கணக்கிலே தொகை கழிக்கப்பட்டு, மகன் கணக்கிலே கூட்டப்படுமுன் செய்நிரல் நின்றுவிடின், அப்பணம் இருவர் கணக்கிலும் இல்லாதொழியும். இத்தகைய கேடு நேராவண்ணம் காக்கும் முறையை ஈண்டு ஆராய்வாம்.

இயங்குநிலையிலுள்ள செய்நிரல் முறைவழி எனப்படும். அது முடிதற்குரிய காரணங்கள் இருவகைப்படும். புறத்திருந்து வரும் ஆணை ஒன்று. அகத்தே தோன்றும் வழு மற்றொன்று.

முன்னையதை முதலிற் காண்போம். யுனிக்ஸ், லினக்ஸ் முதலிய பணிசெயல் முறைமைகள் முறைவழிக்குச் செய்தியறிவிக்கும் குறியே சமிக்ஞை. ஒவ்வொரு சமிக்ஞைக்கும் பெயரும் எண்ணும் உண்டு. எண் 2 உடைய சிக்-இன்ற், விசைப்பலகையிலே கொன்றோல் விசையுடன் 'சி' என்னும் ஆங்கில எழுத்தை அழுத்துங்கால் எழுவது. எண் 15 உடைய சிக்-டேர்ம், 'முடித்துக்கொள்க' என்னும் வேண்டுகோள். இவ்விரண்டையும் செய்நிரல் தானே ஏற்று, அதன்பின் செய்யவேண்டுவதை வகுத்துக்கொள்ளலாம். எண் 9 உடைய சிக்-கில் அத்தகையதன்று. அதனை ஏற்றுக் கையாளவோ புறக்கணிக்கவோ எச்செய்நிரலாலும் இயலாது. பணிசெயல் முறைமையே முறைவழியை அழித்துவிடும்.

ஆகவே 15 என்பது அவகாசம். 9 என்பது அவகாசத்தின் முடிவு. டொக்கர் என்னும் கருவி லினக்ஸ் கொள்கலனொன்றை நிறுத்தும்போது, வேறு விதி கூறப்படாவிடின், முதலில் 15ஐ அனுப்பி 10 வினாடி காத்திருந்து பின்னர் 9ஐ அனுப்பும். குபர்நெற்றிஸ் தரும் இயல்பான அவகாசம் 30 வினாடி. இதற்குள் செய்நிரல் ஆற்றவேண்டிய கடமைகள் மூன்று: புதிய வேண்டுகோள்களை ஏற்காது விடுதல்; கையிலுள்ளவற்றை முடித்தல்; தரவுத்தள இணைப்புக்களை மூடி வெளியேறுதல். கடையடைக்கும் வணிகன் முதலிற் கதவைச் சாத்தி, உள்ளிருப்போருக்குப் பண்டம் அளந்து கொடுத்து, இறுதியிற் கணக்கெழுதிப் பெட்டியைப் பூட்டுதல் போல்வது இது. வரிசை மாறிப் பெட்டியை முதலிற் பூட்டினால் உள்ளிருப்போர் வெறுங்கையுடன் செல்வர்.

ஈண்டு ஓர் இடர்ப்பாடு உண்டு. கொள்கலனுள் முதன்முதல் தொடங்கப்படும் முறைவழி எண் 1 பெறும். அவ்வெண்ணுடைய முறைவழிக்கு லினக்ஸ் தனிக் காப்பு அளிப்பதால், 15ஐ ஏற்கும் பகுதி அதில் எழுதப்படாவிடின் அச்சமிக்ஞை பயனற்றுப்போகும். அவகாசம் முழுவதும் வீணே கழிய, இறுதியில் 9 வந்து முடிக்கும். அப்பொழுது முடிவெண் 137 எனத் தோன்றும். 128உடன் 9ஐக் கூட்டப் பெறுவது இவ்வெண். நினைவகம் போதாது முறைமை அழித்தவிடத்தும் இதுவே தோன்றுமாதலின், காரணத்தை ஆராய்ந்தே துணிதல் வேண்டும்.

இனி, அகத்தே தோன்றும் வழுவை நோக்குவோம். 2009இல் வெளிவந்த நோட்-ஜேஎஸ் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதில் ஒரே முறைவழி பலருக்குப் பணிபுரிவதால், ஒருவர் வேண்டுகோளில் எழுந்த வழு எவ்விடத்தும் பிடிக்கப்படாவிடின் முறைவழி முழுவதும் நின்றுவிடும். இதற்கு அஞ்சி, பிடிபடா வழுக்கள் யாவற்றையும் ஓரிடத்திற் பிடித்து, ஒன்றும் நிகழாததுபோல் இயக்கத்தைத் தொடர்வோர் உளர். இது தவறு. வழு எழுந்த கணத்திலே எப்பணி எவ்வளவில் நின்றதென்பது அறியப்படாதது. பெற்ற இணைப்பு திருப்பப்படாதிருக்கலாம்; நினைவகத்திலுள்ள தரவு பாதி மாறியிருக்கலாம். அந்நிலையிலிருந்து தொடரும் செய்நிரல் பிழையான விடைகளை மெய்போல வழங்கும். நின்றுபோன சேவையகத்தை எவரும் அறிவர்; பிழையாகக் கணக்கெழுதும் சேவையகத்தை உடனே அறிவார் இலர். அவ்வாறு தொடர்தல் பாதுகாப்பன்றென நோட்-ஜேஎஸ் ஆவணமே எச்சரிக்கின்றது. பின்னர் நிறைவேறுமென எதிர்பார்க்கப்பட்ட செயல் தோல்வியுற்று அத்தோல்வி கவனிக்கப்படாதவிடத்து முன்னர் எச்சரிக்கை மட்டுமே எழுந்தது. 2020இல் வந்த 15ஆம் பதிப்பு முதல் அதுவும் இயல்பாக முறைவழியை முடிக்கின்றது.

எதிர்பார்க்கத்தக்க தவறுகள் வேறு. பயனர் பிழையான திகதியை இடுதல், வலையிணைப்பு அறுதல் முதலியவற்றை அவை தோன்றுமிடத்திலேயே கையாளல் வேண்டும். எதிர்பாராத வழுவாயின் அதன் விவரத்தைப் பதிவேட்டில் எழுதி, பூச்சியமல்லாத முடிவெண்ணுடன் விரைந்து வெளியேறுதலே தக்கது. சிஸ்ரம்-டி போன்ற மேற்பார்வைச் செய்நிரலை அதற்கென அமைத்துவைப்பின், அது முறைவழியைத் தூயநிலையில் மீண்டும் தொடக்கும்.

எனினும் மின்சாரம் அறுதலையும் எண் 9ஐயும் எச்செய்நிரலாலும் தடுத்தல் கூடாது. ஆதலின் கழித்தலும் கூட்டலும் ஒருங்கே நிகழ்தல், அன்றேல் இரண்டும் நிகழாமை என்னும் உறுதியைத் தரவுத்தளத்திடமே பெறுதல் வேண்டும். தந்தையின் பணத்திற்கு இறுதிக் காவல் அதுவே.

மாணவர் தாம் எழுதிய சேவையகத்தை, அது பணியிலிருக்கும் வேளையிலேயே 'கில்' என்னும் கட்டளையால் நிறுத்திப் பார்ப்பாராக. பெயர் கொலையைக் குறிப்பினும், எண் கூறாவிடின் அக்கட்டளை அனுப்புவது 15ஐயே. கையிலிருந்த வேண்டுகோள்கள் யாவும் நிறைவுற்றனவா என்று ஆராய்ந்தபின்னரே அதனைப் பிறர் பயன்பாட்டிற்கு விடுதல் முறையாகும்.