வினைல் பலகைத் தரையும் அடுக்கு மரத் தரையும்

வினைல் பலகைத் தரை, அடுக்கு மரத் தரை என்பன வீடுகளின் தளத்திற்கு மரத்தின் தோற்றத்தைக் கொடுப்பதற்காகப் பயன்படும் இருவகைத் தரைமுடிப்புகள் ஆகும். வணிக வழக்கில் முன்னது வினைல் பிளாங்க் என்றும், பின்னது எஞ்சினியர்டு வுட் என்றும் அழைக்கப்படுகின்றன. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் இருந்தாலும், முன்னது மரத்தின் படம் அச்சிடப்பட்ட நெகிழி. பின்னது உண்மையான மரம். எனவே ஈரம், வெப்பம், கறையான் ஆகியவற்றுக்கு இவை வெவ்வேறு வகையில் ஈடுகொடுக்கின்றன. இவ்வேறுபாடு ஈரப்பதம் மிகுந்த கடற்கரைப் பகுதிகளில் முதன்மை பெறுகின்றது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மண்டைக்காடு இக்கட்டுரையில் அதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகின்றது.

வினைல் பலகையின் அமைப்பு

வினைல் எனச் சுருக்கமாகக் குறிக்கப்படுவது பாலிவினைல் குளோரைடு (பி.வி.சி.) ஆகும். இதனை வளையும் தன்மையுடைய பொருளாக மாற்றும் முறையை அமெரிக்க வேதியியலாளர் வால்டோ செமன் 1926ஆம் ஆண்டில் கண்டறிந்தார். வினைல் தரை 1933ஆம் ஆண்டு சிக்காகோ கண்காட்சியில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது.

வினைல் பலகையில் மேலிருந்து கீழாகப் பின்வரும் அடுக்குகள் உள்ளன:

1. பாலியூரித்தேன் மேற்பூச்சு
2. ஒளி ஊடுருவும் தேய்மான அடுக்கு
3. மரத்தின் படம் அச்சிடப்பட்ட மென்தாள்
4. உள்ளகம்
5. அடிப்பட்டை

உள்ளகம் வளையும் வினைலாகவோ, சுண்ணாம்புக்கல் பொடியும் வினைலும் கலந்த கடினப் பொருளாகவோ இருக்கலாம். பின்னது எஸ்.பி.சி. எனப்படுகின்றது. பலகையின் மொத்தத் தடிப்பு பொதுவாக 2 முதல் 8 மில்லிமீட்டர் வரை இருக்கும். ஆனால் பலகையின் வாழ்நாளைத் தீர்மானிப்பது மொத்தத் தடிப்பன்று. தேய்மான அடுக்கின் தடிப்பேயாகும். வீடுகளுக்கு 0.3 மில்லிமீட்டரும், நடமாட்டம் மிகுந்த இடங்களுக்கு 0.5 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் கொள்ளப்படுகின்றன. இவ்வடுக்கு தேய்ந்துவிட்டால் படமும் அழிந்துவிடும். அதனை மீண்டும் இழைத்துப் புதுப்பிக்க இயலாது.

அடுக்கு மரத்தின் அமைப்பு

அடுக்கு மரப் பலகையின் மேலடுக்கு, தேக்கு அல்லது ஓக் போன்ற வன்மரத்தின் மெல்லிய தகடாகும். அதன் கீழ், இழையோட்டம் ஒன்றுக்கொன்று குறுக்காக அமையுமாறு ஒட்டப்பட்ட மர அடுக்குகள் உள்ளன. சுவீடனைச் சேர்ந்த குஸ்தாவ் கேர் இத்தகைய பல்லடுக்கு மரத் தரைக்கு 1941ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

மரம் இழையின் நீளவாக்கில் மிகச் சிறிதளவே விரிகின்றது. அகலவாக்கில் கூடுதலாக விரிகின்றது. குறுக்கு அடுக்குகள் ஒன்றன் விரிவை மற்றொன்று தடுப்பதால், அடுக்கு மரம் முழுமரப் பலகையைவிட நிலையானது. எனினும் அது மரமே. அதன் ஈர நாட்டம் குறைக்கப்பட்டுள்ளதேயன்றி நீக்கப்படவில்லை.

மேலடுக்கு 3 மில்லிமீட்டர் இருப்பின் ஒன்றிரண்டு முறை இழைத்து மெருகிடலாம். 1 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருப்பின், அந்த வாய்ப்பு வினைலைப் போலவே இங்கும் இல்லை. இவ்வகையில் மெல்லிய மேலடுக்கைக் கொண்ட பலகையை வாங்குபவர், மரத்தின் முதன்மையான நன்மையை இழந்துவிடுகின்றார்.

மண்டைக்காட்டின் சூழல்

மண்டைக்காடு, கல்குளம் வட்டத்தில் அரபிக் கடலோரமாக அமைந்த பேரூராட்சி ஆகும். புற்று வடிவில் அம்மன் வழிபடப்படும் பகவதி அம்மன் கோயிலால் இவ்வூர் பெயர் பெற்றது. தமிழ்நாட்டின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழையையே நம்பியிருக்க, இம்மாவட்டம் சூன் முதல் செப்டம்பர் வரையான தென்மேற்குப் பருவமழையையும், அக்டோபர் முதல் திசம்பர் வரையான வடகிழக்குப் பருவமழையையும் பெறுகின்றது. இதனால் தரைக்கு நீண்ட உலர்காலம் கிடைப்பதில்லை.

காற்றின் ஈரப்பதம்

மரம் தன்னைச் சூழ்ந்த காற்றின் ஈரத்தோடு சமநிலை அடையும் இயல்புடையது. ஒப்பு ஈரப்பதம் 50 விழுக்காடாக இருக்கும்போது மரத்தில் ஏறத்தாழ 9 விழுக்காடும், 80 விழுக்காடாக உயரும்போது ஏறத்தாழ 16 விழுக்காடும் ஈரம் தங்குகின்றது. 100 மில்லிமீட்டர் அகலமுள்ள முழுமரத் தேக்குப் பலகையொன்று இம்மாற்றத்தின்போது ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விரிவடையக்கூடும். 4 மீட்டர் அகலமுள்ள அறையில் இத்தகைய 40 பலகைகள் இருப்பின், மொத்த விரிவு 40 மில்லிமீட்டரை எட்டும். அடுக்கு மரத்தில் இது பெரிதும் குறைந்தாலும், ஓரங்களில் இடைவெளி விடாவிடில் தளம் மேலெழும்பும். குளிரூட்டியை இரவில் இயக்கிப் பகலில் சாளரங்களைத் திறந்து வைக்கும் அறைகளில் ஈரம் நாள்தோறும் ஏறியிறங்குவதால் இத்தொல்லை கூடுதலாகும். வினைல் காற்றின் ஈரத்தால் விரிவதில்லை. ஆனால் வெப்பத்தால் விரிகின்றது. நேர் வெயில் படும் இடங்களில் மங்கவும் வளையவும் கூடும்.

நில ஈரம்

மண்ணின் ஈரம் நுண்துளைகள் வழியாக மேலேறிச் சிமெண்டுத் தளத்தை அடைகின்றது. ஈரத்தடுப்பு அடுக்கின்றிக் கட்டப்பட்ட பழைய வீடுகளில் இது இயல்பு. சிமெண்டுத் தளம் இவ்வீரத்தைக் காற்றில் ஆவியாக வெளியிடுவதால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அதன்மீது வினைலைப் பதித்தால் ஆவி வெளியேற வழியின்றி, பசை இளகுவதும் பலகைக்கடியில் பூஞ்சணம் வளர்வதும் நேரும். வினைல் நீர்புகாதது என்னும் விளம்பரம் பலகையைப் பற்றியதேயன்றி, அதன் அடியிலுள்ள தளத்தைப் பற்றியதன்று. மரத் தரைக்கோ இவ்வீரம் நேரடியான கேடாகும்.

இதனைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உள்ளது. 45 சென்டிமீட்டர் பக்கமுள்ள சதுர நெகிழித் தாளைத் தளத்தின் மீது விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டுநாடாவால் அடைத்து, குறைந்தது 16 மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். பின்னர் தாளின் அடியில் நீர்த்துளிகள் காணப்பட்டாலோ, தளம் கருத்திருந்தாலோ, ஈரத்தைச் சரிசெய்யாமல் எப்பலகையையும் பதித்தல் கூடாது. கோடைக்காலத்தில் மட்டும் செய்யப்படும் சோதனை தவறான நம்பிக்கையைத் தரக்கூடும். மழைக்காலத்தில் செய்வதே பொருத்தமானது.

கறையான்

சிதல் என்றும் வழங்கப்படும் கறையான், மரத்திலுள்ள செல்லுலோசை உண்கின்றது. அடுக்கு மரத்தின் உள்ளகம் மென்மரமாகவோ பதப்படுத்தப்படாத இரப்பர் மரமாகவோ இருப்பின், தேக்கு மேலடுக்கு கேடின்றித் தோன்றும்போதே உள்ளே அரிக்கப்பட்டிருக்கும். வினைல் கறையானுக்கு உணவன்று. எனினும் பலகைக்கடியிலுள்ள இடைவெளி வழியாகக் கதவு நிலைகளையும் அலமாரிகளையும் அது அடையக்கூடும். கட்டடங்களில் கறையான் தடுப்பு முறைகளை ஐ.எஸ். 6313 என்னும் இந்தியத் தரநிலை விளக்குகின்றது. பலகை பதிக்கும் முன்னரே இதனைச் செய்தல் வேண்டும்.

மணல்

மண்டைக்காட்டை அடுத்த மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட்டு, சிர்க்கான், கார்னெட்டு, மோனசைட்டு ஆகிய கனிமங்கள் உள்ளன. மோவின் அளவுகோலில் குவார்ட்சின் கடினம் 7, சிர்க்கானின் கடினம் 7.5 ஆகும். காலோடு வீட்டினுள் வரும் இம்மணல் இருவகைத் தரையையும் கீறவல்லது. வாசலில் கால்மிதியும், நாள்தோறும் பெருக்குதலும் இங்குத் தரையின் வாழ்நாளை நீட்டிக்கும் எளிய வழிகளாகும்.

கடல்நீர்

2004 திசம்பர் 26 அன்று ஏற்பட்ட ஆழிப்பேரலையின்போது குளச்சல், கொட்டில்பாடு உள்ளிட்ட அண்டைக் கடற்கரை ஊர்கள் பேரிழப்பைச் சந்தித்தன. கடல் கொந்தளிக்கும் காலங்களில் கரையோர வீடுகளுக்குள் நீர் புகுவதும் உண்டு. நீரில் மூழ்கிய அடுக்கு மரத்தைப் பெரும்பாலும் அகற்றிவிடவே நேரும். ஒன்றோடொன்று கொளுவி இணைக்கப்படும் எஸ்.பி.சி. பலகைகளைக் கழற்றி, நன்னீரால் கழுவி, தளம் உலர்ந்தபின் மீண்டும் பதிக்க வாய்ப்புண்டு. கழற்றாமல் விட்டால், அடியில் தங்கும் உப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்துத் தளத்தை உலரவிடாது.

உடல்நலமும் தீயும்

அடுக்கு மரத்தின் பசையிலிருந்து பார்மால்டிகைடு வெளியேறக்கூடும். யூரியா வகைப் பசையைவிடப் பீனால் வகைப் பசை ஈரத்தைத் தாங்கக்கூடியது. குறைந்த அளவே வாயுவை வெளியிடுவது. வளையும் வினைலில் பித்தலேட்டு வகை இளக்கிகள் இருக்கலாம். தரையில் பாய் விரித்து உறங்கும் வழக்கமும், தவழும் குழந்தைகளும் உள்ள வீடுகளில் பித்தலேட்டு அற்ற பலகையைக் கேட்டு வாங்குதல் நலம். வினைல் எரியும்போது நச்சுத்தன்மையுள்ள ஐதரசன் குளோரைடு வெளியாகின்றது. எனவே கழிவுப் பலகைகளை விறகாக எரித்தல் கூடாது.

மரபுத் தரைகள்

தென் திருவிதாங்கூரின் பழைய வீடுகளில் மரம் பெருமளவு பயன்பட்டபோதும், அது நில ஈரத்திலிருந்து விலகிய கூரை, மச்சு, மேல்தளம் ஆகியவற்றிலேயே பெரும்பாலும் இடம்பெற்றது. நிலத்தை ஒட்டிய தரைகள் சாணம் மெழுகியும், சுண்ணாம்பாலும், பிற்காலத்தில் சிவப்பு ஆக்சைடு கலந்த சிமெண்டாலும் அமைக்கப்பட்டன. தக்கலை அருகேயுள்ள பத்மநாபபுரம் அரண்மனையின் வழவழப்பான கருநிறத் தரை, சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெண்கரு முதலியவை கொண்டு அமைக்கப்பட்டதாகக் கூறப்படுகின்றது. தரை ஓடுகள் இன்றும் பரவலாகப் பயன்படுவதற்கு, அவை காலுக்குக் குளிர்ச்சியாக இருப்பதும், நீரூற்றிக் கழுவ ஏற்றவையாக இருப்பதும் காரணங்களாகும்.

தெரிவு செய்தல்

மேற்கூறியவற்றின் அடிப்படையில், ஈரமான கடற்கரைப் பகுதிகளுக்குப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்:

- தரைத்தளம்: ஈரச் சோதனையில் தேறினால் எஸ்.பி.சி. வினைல் ஏற்றது. தேறாவிடில் தரை ஓடே பாதுகாப்பானது.
- மாடி அறைகள்: நில ஈரம் எட்டாததால் அடுக்கு மரம் பொருந்தும். நீர் புகாப் பசையால் ஒட்டப்பட்ட உள்ளகமும், 3 மில்லிமீட்டர் மேலடுக்கும் இருத்தல் வேண்டும்.
- சமையலறை: நீர் சிந்தும் இடமாதலால் மரம் பொருந்தாது.
- குளியலறை, திண்ணை, முற்றம்: இரண்டும் பொருந்தா.
- வெயில் படும் அறை: வினைலுக்குத் திரைச்சீலை தேவை.

எவ்வகையாயினும் 3 மீட்டர் நீளத்தில் தளத்தின் மேடுபள்ளம் சுமார் 5 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருத்தல் வேண்டும். கொளுவிப் பதிக்கும் பலகைகளுக்குச் சுவரோரத்தில் வினைலாயின் 6 முதல் 10 மில்லிமீட்டரும், மரமாயின் 10 முதல் 12 மில்லிமீட்டரும் இடைவெளி விடப்படுகின்றது. இருவகையிலும் நீரூற்றிக் கழுவுதலைத் தவிர்த்து, பிழிந்த துணியால் துடைத்தலே முறையாகும். நீரூற்றிக் கழுவும் பழக்கத்தை விட இயலாத வீட்டிற்கு இவ்விரண்டுமே ஏற்றவையல்ல.

இவற்றையும் பார்க்கவும்

- தரை ஓடு
- பாலிவினைல் குளோரைடு
- கறையான்
- பத்மநாபபுரம் அரண்மனை
- மண்டைக்காடு