உணவு குறைந்தும் சீனி கூடுவது ஏன்?

"ஒருநேரச் சாப்பாடே ஒழுங்காகக் கிடைப்பதில்லை. பிறகு எப்படி இரத்தத்தில் சீனி கூடும்?" இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கும்போது நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. சலரோகம் வசதி படைத்தவர்களின் வருத்தம், வயிறாரச் சாப்பிடுபவர்களுக்கே வருவது என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உண்மையில், இரத்தத்திலுள்ள சீனியின் அளவைத் தீர்மானிப்பது உணவு மட்டுமல்ல. அதைக் கூட்டவும் குறைக்கவும் நம் உடலுக்குள்ளேயே சில ஓமோன்கள் இருக்கின்றன. அவற்றின் வேலையை விளங்கிக்கொண்டால் இக்கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

குளமும் துருசும்

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லீற்றர் இரத்தம் ஓடுகிறது. சுகதேகி ஒருவரின் இரத்தம் முழுவதிலும் கரைந்திருக்கும் சீனி, அதாவது குளுக்கோசு, சுமார் 5 கிராம் மட்டுமே. ஒரு தேக்கரண்டி அளவுதான். உணவு உண்ணாதிருக்கும் காலை வேளையில் ஒரு டெசிலீற்றர் இரத்தத்தில் 70 முதல் 100 மில்லிகிராம் வரை இருப்பது வழமை. இது 126 அல்லது அதற்கு மேல் இருப்பதாக மறுபடியும் செய்த பரிசோதனையிலும் உறுதியானால் அதுவே நீரிழிவு.

இரத்தத்தை ஒரு குளமாக எண்ணிக்கொள்வோம். நாம் உண்ணும் சோறு, பாண், பிட்டு எல்லாம் சமித்துச் சீனியாகி இக்குளத்தில் வந்து சேர்கின்றன. குளத்தில் நீர் இருந்தால் மட்டும் பயிர் விளையாது. துருசைத் திறக்க வேண்டும். அந்தத் துருசைத் திறப்பதே இன்சுலின் என்னும் ஓமோன். இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் சதையி என்ற உறுப்பு இதைச் சுரக்கிறது. இன்சுலின் வந்ததும் தசைகளும் கொழுப்புக் கலங்களும் சீனியை உள்ளே எடுத்துக்கொள்கின்றன. மிஞ்சுவதில் ஒரு பகுதியை ஈரல், கொம்பறையில் நெல்லைச் சேமிப்பதுபோலச் சேமித்து வைக்கிறது.

இரவில் நாம் உறங்கும்போது உணவு வருவதில்லை. ஆனால் மூளைக்கு எந்நேரமும் சீனி வேண்டும். அப்போது அதே சதையி குளுக்ககன் என்ற இன்னொரு ஓமோனைச் சுரக்கிறது. அது ஈரலின் கொம்பறையைத் திறந்து சீனியை இரத்தத்துக்கு விடுகிறது. இந்த இரு ஓமோன்களும் ஒன்றையொன்று சரிபார்த்துக்கொள்வதாலேயே அளவு தவறாமல் இருக்கிறது.

நீரிழிவில் நடப்பது என்ன?

சிலருக்கு, பெரும்பாலும் சிறுவயதில், இன்சுலினைச் சுரக்கும் கலங்கள் அழிந்துபோகின்றன. இவர்களுக்கு இன்சுலின் ஊசி உயிரைக் காக்கும் மருந்து. 1921 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் பிரெட்றிக் பான்ரிங், சார்ள்ஸ் பெஸ்ற் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஏற்றப்பட்டது 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு. அதற்குமுன் இந்நோய் கண்ட பிள்ளைகள் அதிக காலம் வாழ்வதில்லை.

நம்மில் பெரும்பாலானோருக்கு வருவது இரண்டாவது வகை. இங்கு இன்சுலின் உண்டு. ஆனால் உடல் அதன் சொற்கேட்க மறுக்கிறது. துருசு துருப்பிடித்து இறுகியதுபோல. அத்துடன் குளுக்ககனும் அடங்க வேண்டிய நேரத்தில் அடங்குவதில்லை. ஆகவே குளம் நிறைந்திருக்கும்போதே கொம்பறையும் திறந்துவிடப்படுகிறது. அளவு ஏறத்தாழ 180 ஐத் தாண்டும்போது குளம் வான் பாய்வதுபோலச் சீனி சிறுநீருடன் வெளியேறத் தொடங்குகிறது. அது நீரையும் இழுத்துச் செல்வதால் அடிக்கடி சலம் போவதும் தாகமும் களைப்பும் உண்டாகின்றன.

இடம்பெயர்வு செய்யும் வேலை

இனி நம் கேள்விக்கு வருவோம். பயம், துக்கம், நித்திரையின்மை, காய்ச்சல் ஆகிய வேளைகளில் உடல் அதிரினலின், கோட்டிசோல் என்ற ஓமோன்களைச் சுரக்கிறது. ஆபத்திலிருந்து ஓடித் தப்புவதற்காக இவை ஈரலிலிருந்து சீனியை வெளியே விடுகின்றன. இன்சுலினின் வேலையையும் தடுக்கின்றன. கவலை மாதக்கணக்கில் நீடித்தால் இதுவும் நீடிக்கலாம். உணவு குறைந்திருந்தும் சீனி கூடுவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் காணியை இழந்தது. மண்வெட்டி பிடித்து வேலை செய்யும் தசைகள் இன்சுலினின் உதவி குறைவாக இருக்கும்போதும் சீனியை எடுத்துக்கொள்ளும். வயலும் தோட்டமும் இல்லாமல் நாள் முழுவதும் கூரையின் கீழ் இருப்பவருக்கு அந்த வழி அடைபடுகிறது. கையில் கிடைப்பதும் பெரும்பாலும் அரிசி, கோதுமை மா, சீனி என்றால் நிலைமை மேலும் கடினமாகிறது.

நாம் செய்யக்கூடியவை

தினமும் அரை மணி நேரமாவது வேகமாக நடப்போம். குடிசை ஓரத்தில் கீரைப்பாத்தி ஒன்று கொத்தினால் உடலுக்கு வேலையும் கறிக்குக் கீரையும் கிடைக்கும். சோற்றைக் குறைத்துக் கீரை, பருப்பு, மரக்கறியைக் கூட்டுவோம். தேநீரைச் சீனியின்றிக் குடிக்கப் பழகுவோம்.

இன்சுலின் ஏற்றுபவர்களும், இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் மாத்திரை எடுப்பவர்களும் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது. தவறினால் சீனி 70 இற்குக் கீழே இறங்கி வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் ஏற்படும். உடனே மூன்று தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் குணமாகாவிடில் மீண்டும் கொடுக்கலாம். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

குளிர்சாதனப் பெட்டி இல்லையென்று இன்சுலினைக் கைவிட வேண்டாம். மருந்துக் குப்பியை நீர் புகாத பையிலிட்டுச் சிறிய மண்சட்டியில் வையுங்கள். அச்சட்டியைப் பெரிய சட்டிக்குள் வைத்து இடைவெளியை ஈரமணலால் நிரப்பி, ஈரத்துணியால் மூடி, காற்றோட்டமுள்ள நிழலில் வையுங்கள். திறந்த குப்பியை எத்தனை நாள் பாவிக்கலாம் என்பதைக் கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். பொதுவாக அது நான்கு வாரம் வரையே.

வேறிடம் போக நேர்ந்தால் அடையாள அட்டையுடன் கிளினிக் கொப்பியையும் மருந்தையும் ஒரே பையில் எடுத்துக்கொள்ளுங்கள். புதிய இடத்து வைத்தியருக்கு அந்தக் கொப்பியே உங்கள் கதையைச் சொல்லும். சீனி கூடியது உங்கள் குற்றமல்ல. நீங்கள் பட்ட துன்பத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அதை அடக்கி வைப்பதில் நம் கைகளுக்கும் பங்குண்டு.