படமும் பிணியும்

முதுகுவலி என்றதும் எம்.ஆர்.ஐ. படமெடுப்பதும், அதில் ஜவ்வு பிதுங்கியிருப்பதைக் காட்டி ஊசியும் சஸ்திர சிகிச்சையும் விதிப்பதும் பெருவழக்காகி வருகின்றன. இவ்விஷயத்தில் ஜனங்கள் எச்சரிக்கையாயிருத்தல் அவசியமென்று கருதுகிறோம்.

1994-ஆம் வருஷத்தில் வெளியான ஓர் ஆராய்ச்சியின்படி, அமெரிக்காவில் முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படமெடுத்ததில், நூற்றுக்கு 64 பேர் வீதம் ஜவ்வுக் கோளாறு தென்பட்டது. 2009-இல் வெளியான இரண்டு பரிசோதனைகளில், எக்ஸ்ரே வழிகாட்ட முறிந்த முள்ளெலும்பினுள் சிமெண்டு செலுத்தும் சிகிச்சை, செலுத்துவதுபோல் பாவனை மாத்திரம் செய்ததைவிட அதிகமாக வலியைத் தணிக்கவில்லை.

கால் பலமிழத்தல், சிறுநீர் தடைப்படுதல், ஜுரம் முதலிய குறிகள் காணின் தாமதமின்றிப் படமெடுக்க வேண்டும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் படம் சாட்சியேயன்றித் தீர்ப்பன்று. குறுக்கு விசாரணைக்கு உட்படாத சாட்சியை நியாயஸ்தலம் எளிதில் நம்புவதில்லை. ‘என் வலிக்குக் காரணம் இதுதானா?’ என்று வைத்தியரைக் கேட்க நோயாளி கூசலாகாது; விடையளிப்பது வைத்தியர் கடமை.