வீட்டுப் பட்டறைக்கு ஒரு வெல்டிங் யந்திரம்

கீல் கழன்ற கேட், கால் ஒடிந்த இரும்புப் பெஞ்சு, மாடிப்படிக்கு வேண்டிய கைப்பிடி, மோட்டாரைத் தூக்கி வைக்க ஒரு ஸ்டாண்டு என்று வீட்டில் அவ்வப்போது முளைக்கும் சில்லறை வேலைகளுக்கெல்லாம் தெருக்கோடிப் பட்டறையையே நம்பியிருந்து, அங்கே பெரிய வேலைகளுக்கு நடுவில் தம் சிறிய வேலைக்கு முறை வருவதற்குள் வாரங்கள் கழிந்துபோவதைக் கண்டு சலித்தவர்களில் அநேகர், கார் நிறுத்தும் கொட்டகையில் ஒரு மூலையை ஒழித்துத் தாமே ஒரு வெல்டிங் மெஷின் வாங்கிப் போட்டால் என்ன என்று இப்போது யோசிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் கடையில் அடுக்கியிருக்கும் பெட்டிகளின் முன்னே போய் நின்றதும், 200, 250, 300 என்று முகப்பில் பெரிய எழுத்தில் அச்சிட்ட எண்களே கண்ணைப் பறிக்கின்றன. எண் பெருகப் பெருக யந்திரமும் உயர்ந்தது என்ற எண்ணத்தோடு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள்தாம் அதிகம். இந்த விஷயத்தை நிர்ணயிக்க வேண்டியது முகப்பிலுள்ள எண்ணன்று. நீங்கள் ஒட்டப்போகும் இரும்பு எவ்வளவு கனமானது, உங்கள் வீட்டுக்கு வரும் மின்சாரம் எவ்வளவு தாங்கும் என்ற இரண்டு கேள்விகளுக்கு விடை தெரிந்தால், யந்திரம் தானே தேர்ந்துவிடும்.

முதலில் இரும்பைப் பார்ப்போம். வீட்டு வேலையில் கைக்கு வருபவை பெரும்பாலும் 1.6 அல்லது 2 மில்லிமீட்டர் கனமுள்ள சதுர பைப்புகளும், 3 முதல் 5 மில்லிமீட்டர் கனமுள்ள ஆங்கிள், பட்டை முதலியவையுந்தாம். மெல்லிய பைப்புக்கு 2.5 மில்லிமீட்டர் ராடு போதும். அது 60 முதல் 90 ஆம்பியருக்குள் உருகி ஓடும். கனமான ஆங்கிளுக்கு 3.15 மில்லிமீட்டர் ராடு வேண்டும். அதற்கு 90 முதல் 130 ஆம்பியர் வரை தேவைப்படும். இதற்கு மேற்பட்ட 4 மில்லிமீட்டர் ராடு 140 ஆம்பியருக்குக் குறைந்தால் ஒழுங்காக ஓடாது. ஆனால் அதைத் தொட வேண்டிய அவசியம் வீட்டில் ஏற்படுவதே அபூர்வம். ஆகவே, சத்தியமாக 140 அல்லது 150 ஆம்பியர் கொடுக்கும் ஒரு யந்திரம் ஒரு குடும்பஸ்தனுடைய தேவைகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் நிறைவேற்றிவிடும். ‘சத்தியமாக’ என்ற சொல்லை நான் யோசித்தே எழுதுகிறேன். அதன் காரணம் பின்னால் விளங்கும்.

ராடைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மின்சாரத்தால் இரும்பை உருக்கி இணைக்கும் வித்தை 1880-களில் ரஷ்யாவில் பெனார்தோஸ் என்பவர் கரித்தண்டைக் கொண்டு செய்து காட்டியதிலிருந்து தொடங்குகிறது. விரைவிலேயே அவர் நாட்டவரான ஸ்லாவியானோவ் கரித்தண்டுக்குப் பதிலாக உலோகக் கம்பியையே பிடித்து, அக்கம்பியே உருகி இணைப்பில் நிரம்பும்படி செய்தார். ஆனால் உருகிய இரும்பு காற்றிலுள்ள பிராணவாயுவையும் நைட்ரஜனையும் ஆவலோடு உறிஞ்சிக்கொள்ளும் சுபாவமுடையதாகையால், வெறுங்கம்பியால் வைத்த இணைப்பு துளை விழுந்து நொறுங்கத்தக்கதாகவே இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுவீடன் நாட்டு ஆஸ்கார் ஷெல்பெர்க் கம்பியின்மேல் ஒரு பூச்சு பூசினார். அந்தப் பூச்சு எரிந்து எழும் புகை காற்றை விலக்கி நிற்க, மீந்தது கசடாகி உருகிய இரும்பின்மேல் போர்வையாகப் படிந்தது. 1904-இல் அவர் நிறுவிய எசாப் நிறுவனம் இன்றும் நம் நாட்டுக் கடைகளில் ராடு விற்கிறது. வெல்டிங் முடிந்ததும் சிறு சுத்தியால் தட்டி உதிர்க்கிறோமே, அந்தக் கறுப்பு ஓடு குப்பையன்று. இணைப்பு உறுதியாக நின்றதற்கு அதுவே காரணம்.

ராடால் ஆகாத வேலைகளும் உண்டு. காரின் உடம்புத் தகடு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த கனமுடையது. அதன்மேல் ராடை வைத்தால் பழக்கப்பட்ட கையிலுங்கூட ஓட்டை விழும். பழைய காரைப் புதுப்பிப்பதே உங்கள் நோக்கமானால், மெல்லிய கம்பியைச் சுருளிலிருந்து தானே தள்ளிக் கொடுக்கும் மிக் யந்திரத்தைத்தான் வாங்க வேண்டும். அதற்குக் கார்பன் டை ஆக்ஸைடு அல்லது ஆர்கன் கலந்த வாயு நிரம்பிய சிலிண்டர் வேண்டும். காற்று வீசும் திறந்த வெளியில் அந்த வாயு கலைந்துபோவதால் வேலை கெடும். சிலிண்டர் வேண்டாதவர்களுக்காக உள்ளே பூச்சுப்பொடி அடைத்த கம்பியும் கிடைக்கிறது. அதைப் போடும்போது இணைப்பின் துருவங்களை மாற்றிப் பொருத்த வேண்டும் என்பதைக் கடைக்காரர் பல சமயம் சொல்லாமல் விட்டுவிடுகிறார். டிக் என்னும் முறை 1940-களில் அமெரிக்காவில் விமானங்களின் மக்னீசிய உறுப்புகளை இணைக்கப் பிறந்தது. எவர்சில்வர் குழாய்களில் அது வைக்கும் இணைப்பு அழகிலும் சுத்தத்திலும் ஒப்பற்றது. ஆனால் ராடு யந்திரத்தோடு ‘டிக்கும் உண்டு’ என்று சேர்த்து விற்கப்படும் பெட்டிகள் பெரும்பாலும் நேர்மின்சாரம் மட்டுமே தருபவை. அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதன் மேலுள்ள ஆக்ஸைடு ஆடையோ 2,000 டிகிரியைத் தாண்டினாலொழிய உருகாது. அந்த ஆடையைக் கிழிப்பதற்கு மாறுமின்சாரம் தரும் யந்திரமே வேண்டும். அதன் விலை வேறு. ஆதலால் அலுமினிய ஆசை காட்டி விற்பவரிடம் நேர்மின்சாரமா, மாறுமின்சாரமா என்ற ஒரு கேள்வியைக் கேட்டுவிடுவது நலம்.

பழைய டிரான்ஸ்பார்மர் யந்திரமா, புதிய இன்வர்ட்டரா என்ற விவாதம் முடிந்துபோன ஒன்று. வினாடிக்கு 50 தடவை மாறும் நம் மின்சாரத்தை அப்படியே இறக்குவதற்குப் பெரிய இரும்பு உள்ளகமும் கனத்த சுற்றுக்கம்பியும் தேவைப்பட்டன. இன்வர்ட்டர் அதை வினாடிக்குப் பல்லாயிரம் தடவை மாறும்படி நறுக்கிக்கொண்டு இறக்குவதால், உள்ளங்கையில் அடங்கும் உள்ளகமே போதுமானதாகிறது. இரண்டு ஆள் தூக்கிய சுமை ஐந்தாறு கிலோவாகக் குறைந்த ரகசியம் இதுதான். பழைய யந்திரம் அடிபட்டாலும் தூசி படிந்தாலும் தாங்கும் என்பது உண்மை. இருந்தாலும் வீட்டு மின்சாரத்தை அது இழுக்கும் வேகத்தில் அண்டை வீட்டு விளக்கும் மங்கும்; வீட்டுக்கு அது ஏற்றதன்று என்பதே என் துணிபு.

இப்போது அந்தச் ‘சத்திய’த்துக்கு வருவோம். ஒழுங்கான யந்திரம் ஒவ்வொன்றின் பின்புறத்திலும் அல்லது அடியிலும் ஒரு சிறிய தகடு ஒட்டியிருக்கும். வாங்குகிறவர்கள் படிக்காமல் விடுவதும், விற்கிறவர் பொய் சொல்லத் தயங்குவதும் அந்தத் தகட்டில்தான். எத்தனை ஆம்பியரில் எத்தனை சதவிகித நேரம் அது ஓடலாம் என்று அதில் போட்டிருக்கும். கணக்கு பத்து நிமிஷத்தை வைத்துப் போடப்படுவது: 160 ஆம்பியருக்கு நேரே 60 சதவிகிதம் என்றிருந்தால், பத்து நிமிஷத்தில் ஆறு நிமிஷம் வெல்டிங் செய்து நான்கு நிமிஷம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அர்த்தம், அதே யந்திரம் 120 ஆம்பியர் சுமாருக்கு இறங்கினால் ஓய்வின்றி ஓடும். இதுவும் சுற்றுப்புறத்து உஷ்ணம் 40 டிகிரி என்று வைத்துச் செய்த கணக்கு. சித்திரை மாதத்தில் தகரக் கூரையின் கீழே அந்த அளவும் மீறிப்போகும் என்பதை நாம் நினைவில் வைக்க வேண்டும். ராடை மாற்றுவதும், கசடைத் தட்டுவதும், அடுத்த துண்டை அளந்து பிடிப்பதுமாக வீட்டு வேலையில் ஓய்வு இயல்பாகவே அமைந்துவிடுவதால், வேலை செய்யும் ஆம்பியரில் 60 சதவிகிதம் தாராளமானது.

அதே தகட்டில், வீட்டு மின்னிணைப்பிலிருந்து யந்திரம் இழுக்கும் உச்ச ஆம்பியரும் எழுதியிருக்கும். முகப்பிலுள்ள எண்ணைச் சோதிப்பதற்கு இதைவிடச் சிறந்த சாதனம் இல்லை. சர்வதேச நியமப்படி 250 ஆம்பியரில் ராடு ஓடும்போது அதன் முனையில் 30 வோல்ட் இருக்க வேண்டும். பெருக்கினால் 7,500 வாட். யந்திரத்துக்குள் ஒரு துளி சக்தியும் விரயமாவதில்லை என்றே வைத்துக்கொண்டாலும், 230 வோல்ட் இணைப்பிலிருந்து அது சுமார் 33 ஆம்பியர் இழுத்தாக வேண்டும். விரயத்தையும் சேர்த்தால் சாதாரண இன்வர்ட்டரில் அது 50-ஐ ஒட்டிவிடும். முகப்பில் 250 என்று எழுதிய பெட்டியின் தகட்டில் இழுப்பது 25 ஆம்பியர் என்று கண்டிருந்தால், இரண்டில் ஒன்று பொய். இல்லாத சக்தியை எந்த யந்திரமும் உண்டாக்க முடியாது. தகடே இல்லாத பெட்டியைப் பற்றி மேலும் பேச வேண்டியதில்லை.

மின்சாரத்தின் பக்கமும் இதே கணக்கில் அடங்கிவிடுகிறது. 2.5 மில்லிமீட்டர் ராடை 80 ஆம்பியரில் ஓட்டினால் யந்திரம் 14, 15 ஆம்பியர் இழுக்கும். வீட்டிலுள்ள 16 ஆம்பியர் பிளக் அதைத் தாங்கும். 3.15 ராடை 110 ஆம்பியரில் பிடித்ததும் இழுப்பு 20 ஆகிவிடுவதால், அந்தப் பிளக் சூடாகிக் கருகத் தொடங்கும். ஆகையால் மெயின் பலகையிலிருந்து கொட்டகைக்குத் தனியாக 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி இழுத்து, 32 ஆம்பியர் எம்.சி.பி.யும் அதற்கேற்ற தொழிற்சாலைப் பிளக்கும், கசிவு மின்சாரத்தை அறுக்கும் ஆர்.சி.சி.பி.யும், நல்ல எர்த்தும் வைத்துக்கொள்வது யந்திரம் வாங்குவதற்கும் முற்பட்ட காரியம். உங்கள் இணைப்புக்கு அனுமதித்த சுமை எவ்வளவு என்பதையும் மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். மாலையில் வோல்ட்டேஜ் இறங்கும் ஊர்களில் இருப்பவர்கள், 170 வோல்ட்டிலும் தடையின்றி ஓடும் என்று தகட்டிலோ கையேட்டிலோ சொல்லியிருக்கும் யந்திரத்தையே தேடுவது உத்தமம். மெல்லிய நீட்டிப்பு ஒயரைச் சுருட்டிய நிலையிலேயே வைத்து வெல்டிங் செய்வது நெருப்பை வீட்டுக்கு அழைப்பதாகும்.

யந்திரத்துக்குச் செலவழித்த கை, முகமூடிக்குச் சுருங்கிவிடுகிறது; இதுதான் எனக்கு மிகுந்த கவலையைத் தருவது. வெல்டிங் ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர் கண்ணின் மேற்பரப்பைச் சுட்டுவிடும். அந்த நேரத்தில் ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடுஇரவில், கண்ணில் மணலைக் கொட்டியது போன்ற உறுத்தலும் நீரும் வலியும் கிளம்பும். உருளைக்கிழங்கு வில்லையை வைத்துக் கட்டுவதும் தாய்ப்பால் விடுவதும் பட்டறைகளில் சொல்லப்படும் வைத்தியங்கள். புண்பட்ட கண்ணில் இவற்றை வைப்பதால் கிருமி சேர இடமுண்டாகையால், கண் வைத்தியரிடம் போவதே முறை. தானே கறுக்கும் கண்ணாடியுள்ள முகமூடி இப்போது எளிதில் கிடைக்கிறது. நாம் பேசிய ஆம்பியர்களுக்கு 10 அல்லது 11-ஆம் எண் கருமை பொருந்தும். வெறுங்கறுப்புக் கண்ணாடி உதவாது. தோல் கையுறை, முழங்கை மறைய முரட்டுப் பருத்திச் சட்டை, மூடிய செருப்பு ஆகியவை அவசியம். பாலியெஸ்டர் துணி பொறி பட்டதும் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வேர்வையில் நனைந்த உடலோடும், ஈரத் தரையிலும் ராடை மாற்றக்கூடாது.

ஜி.ஐ. பைப்பின்மேல் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. அது 907 டிகிரியிலேயே கொதித்து வெண்புகையாகக் கிளம்புமாகையால், அதைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும். இணைக்கும் இடத்தில் அந்தப் பூச்சைக் கிரைண்டரால் தேய்த்து நீக்கிவிட்டு, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். கார் கொட்டகையில் பெட்ரோல், பெயின்ட், எண்ணெய்த் துணி இவை இருக்கும் இடத்தை முதலில் காலி செய்யுங்கள். வேலை முடிந்து அரைமணி நேரமாவது அங்கேயே இருந்து கவனியுங்கள். வாகனத்தில் வெல்டிங் வைக்குமுன் பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பெட்ரோல் டாங்கியையும், எண்ணெய் இருந்த பீப்பாயையும், அவை வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்தாலும், வீட்டில் தொடவே கூடாது.

திருச்சியில் 1965 முதல் நடந்துவரும் ‘பெல்’ கொதிகலன் ஆலையில் குழாய் இணைப்புகளைக் கதிர்ப்படம் எடுத்துச் சோதிக்கிறார்கள். 1975-இல் அங்கே ஒரு வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே ஏற்பட்டது. மேலே அழகாக வரிவரியாகப் படிந்த இணைப்பின் உள்ளே கசடும் வெற்றிடமும் இருக்கக்கூடும் என்பதும், கண்ணுக்கு அது புலப்படாது என்பதும் அந்தத் துறையின் பாலபாடம். ஆதலால் ஊஞ்சல் கொக்கி, காரின் சேஸிஸ், கம்ப்ரஸர் டாங்கி போன்று உயிர் தொங்கும் இணைப்புகளைத் தேர்ந்த வெல்டரிடமே கொடுங்கள். தொழிற்பயிற்சி நிலையங்களில் இந்தத் தொழிலுக்கு ஒரு வருஷப் படிப்பு உண்டு. அவ்வளவு வேண்டாதவர்கள், பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் சில நாள் உடனிருந்து, கழிவுத் துண்டுகளில் கோடு ஓட்டிப் பழகினாலே கை நிற்கும்.

கடைக்குப் போகும்போது வீட்டிலுள்ள பைப் துண்டையும் கொண்டுபோய், அங்கேயே முழு ராடு ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்லலாம். நல்ல கடைக்காரர் மறுப்பதில்லை. பழுது பார்க்கும் இடம் உள்ளூரிலேயே இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள், ஏனெனில் இன்வர்ட்டரின் மின்பலகை கெட்டால் தெரு மெக்கானிக்கால் எல்லாச் சமயமும் சரிசெய்ய முடியாது. கிரைண்டரிலிருந்து பறக்கும் இரும்புத்தூளை விசிறி உள்ளே இழுத்துக்கொள்வதே அந்தப் பலகை கெடுவதற்குப் பெரிய காரணமாகையால், தேய்க்கும் இடத்துக்குத் தள்ளியே யந்திரத்தை வைக்க வேண்டும். ராடைப் பொறுத்தவரை, புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு 6013 என்று முத்திரையிட்ட ரகமே ஏற்றது. 7018 உறுதி மிகுந்ததுதான், ஆனால் ஈரம் பட்டால் அதை 250 டிகிரிக்கு மேல் அடுப்பில் வறுத்தெடுக்க வேண்டும், அப்படிப்பட்ட அடுப்பு வீட்டில் இருப்பதில்லை. 6013-ஐ இறுக மூடிய டப்பாவில் போட்டு வைத்தால் ஐப்பசி, கார்த்திகை மழையையும் அது தாங்கும். இருந்தாலும் பெட்டி பெட்டியாக வாங்காமல் முதலில் 2.5 மில்லிமீட்டரில் ஒரு பாக்கெட் மட்டும் வாங்கினால் போதும்.