உருவம் ஒன்று, இனம் இரண்டு

திருகோணமலைத் துறைமுகத்தைப் புகழ்வோர் அதன் ஆழத்தையும் அங்கே நங்கூரமிட்ட கடற்படைகளையுமே பெரும்பாலும் எடுத்துரைப்பர். பூச்சியியலார்க்கு அப்பெயர் நினைவூட்டுவது வேறொன்றை. 1890ஆம் ஆண்டையொட்டி யெர்பரி என்னும் ஆங்கிலப் படையதிகாரி அவ்வூரிலே ஈக்களையும் குளவிகளையும் சேகரித்தார். அவை இலண்டன் நூதனசாலையைச் சேர்ந்தன. அறிஞர் பலர் அவற்றை ஆராய்ந்து, புதிய இனங்கள் சிலவற்றுக்கு அவர் பெயரையே சூட்டினர். அப்பூச்சிகளுடன் ஊசியிற் கோத்த சிறு சீட்டிலே இடமும் நாளும் குறிக்கப்பட்டிருக்கும். அச்சீட்டு இல்லையேல் பூச்சி வெறுங் காட்சிப் பொருளே.

இடத்துக்கு அத்துணை முதன்மை ஏன்? திருகோணமலை வரண்ட வலயத்தைச் சேர்ந்தது. வாடைக்காற்றுடன் வரும் மாரியே அதற்குப் பெருமழை. தென்மேற்கு மலைக்காடுகளோ ஈரம் மாறாதவை. பனியூழியின்போது, சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், கடல் மட்டம் இன்றையதினும் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. ஆழமற்ற பாக்கு நீரிணை அன்று தரையாகவே கிடந்தது. வரண்ட நிலத்துப் பூச்சிகள் அவ்வழியே இருமருங்கும் பரவ இயன்றது. ஈரக்காட்டுப் பூச்சிகளுக்கோ அத்தரையே தடையாயிற்று. பிரிந்து வாழ்ந்தவை காலப்போக்கில் வேறினங்களாயின.

ஆனால் எல்லா வேறுபாடும் கண்ணுக்குப் புலப்படுவதன்று. இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய முதன்மை நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ். இந்தியாவில் இப்பெயருக்குள்ளே உருவத்தால் வேறுபடாத பல இனங்கள் அடங்கியிருத்தலை ஆய்வாளர் கண்டனர். ஏ, பி, சி, டி என எழுத்துக்களால் அவற்றை வழங்கினர். அவற்றுள் பி இனம் நோயைப் பரப்புவதில் வலுவற்றது. இலங்கையிலுள்ளது பி இனம் மட்டுமே என்று கருதப்பட்டது. அவ்வாறாயின் இத்தீவிலே இத்தனை பேரைக் காய்ச்சலில் வீழ்த்தியது எது?

விடைக்குத் துப்பு நீரிணைக்கு அப்பால் கிடைத்தது. இராமேசுவரத்தில் இ என்னும் ஐந்தாவது இனம் இருத்தல் 1999ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே இலங்கையிலும் பி, இ ஆகிய இரண்டும் உள்ளன என ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். சிறகையும் காலையும் பார்த்து இவற்றைப் பிரித்தல் இயலாது. ஆண் நுளம்பின் நிறமூர்த்தங்களை நுணுக்குக்காட்டியில் நோக்க, அவற்றுள் ஒன்றன் வடிவம் வேறுபட்டிருந்தது. கிருமியைச் சுமப்பது இ இனம் என்பது தெளிவாயிற்று. இரண்டையும் ஒன்றென எண்ணிச் செய்த கணக்குகள் பிழைத்ததில் வியப்பில்லை.

2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு எனச் சான்றளித்தது. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. மறு ஆண்டே, அனோபிலிஸ் இசுடீபன்சி என்னும் இந்திய நுளம்பு மன்னாரிலே காணப்பட்ட செய்தி வெளியாயிற்று. நுளம்பு வந்தது கொண்டு நோய் வந்ததாகாது. ஆயினும் வெளிநாட்டிலிருந்து கிருமியுடன் ஒருவர் வந்திறங்கினால் அதைப் பரப்ப இதுவும் போதும். பழைய நுளம்பு வற்றும் ஆற்றின் மணற்குழிகளில் முட்டையிடுவது. புதியது நகரத்துக் கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் பெருகுவது. கப்பல்களும் கிணறுகளும் மிகுந்த திருகோணமலை போன்ற ஊரிலே மகாவலிக் கரைக் குட்டைகளை மட்டும் சோதிப்பவர் கையில் அதன் குடம்பி அகப்படாது.