1,750 சதவீத லாப ஈவு! கைக்கு வருவது எவ்வளவு?

நூற்றுக்கு 1,750 சதவீதம் லாப ஈவு! 2023 மார்ச் மாதம் முடிந்த ஆண்டுக்கு எம்.ஆர்.எப். டயர் கம்பெனி தன் பங்குதாரர்களுக்குக் கொடுத்தது இது.

1946-ல் சென்னை திருவொற்றியூரில் பலூன் செய்து விற்கத் தொடங்கிய கம்பெனி அது. பாங்கியில் பணம் போட்டால் நூற்றுக்கு ஆறோ ஏழோதான் வட்டி. இங்கே ஆயிரத்து எழுநூற்று ஐம்பதா? வீட்டை விற்றாவது பங்கு வாங்கலாம் போலிருக்கிறதே என்று தோன்றும்.

கொஞ்சம் பொறுங்கள்.

எதற்குச் சதவீதம்?

கம்பெனிக்குக் கிடைத்த லாபத்தில் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பணமே லாப ஈவு. "டிவிடெண்டு" என்றும் சொல்வார்கள். இந்தச் சதவீதத்தைப் பங்கின் முக மதிப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள். முக மதிப்பு என்பது பங்குப் பத்திரத்தில் அச்சிட்ட தொகை. எம்.ஆர்.எப். பங்கின் முக மதிப்பு 10 ரூபாய். பத்து ரூபாய்க்கு 1,750 சதவீதம் என்றால் 175 ரூபாய்.

சரி, அந்தப் பங்கு மார்க்கெட்டில் என்ன விலை? 2023 ஜூன் 13-ந் தேதி அது ஒரு லட்சம் ரூபாயைத் தொட்டது. இந்தியாவில் அந்த விலையைத் தொட்ட முதல் பங்கு அதுதான்.

அன்று ஒரு லட்சம் கொடுத்து வாங்கியவருக்கு 175 ரூபாய் என்பது நூறு ரூபாய்க்குப் பதினேழரை காசு! ஒரு பங்குக்கு வந்த ஈவை, பங்கின் விலையால் வகுத்து, நூறால் பெருக்கினால் வருகிற இந்தக் கணக்குக்கு "ஈவு விகிதம்" என்று பெயர். ஆங்கிலத்தில் "ஈல்டு" என்பார்கள்.

அதே பங்கை எப்போதோ 10,000 ரூபாய்க்கு வாங்கி வைத்தவருக்கோ, போட்ட பணத்தில் அது 1¾ சதவீதம். விலை பத்து மடங்கு ஏறியதுதான் அவருக்குப் பெரிய லாபம். இந்த மாதிரிப் பங்கை மாதச் செலவுக்கு நம்பி வாங்கக் கூடாது.

விகிதம் ஏறினால் நல்லதா?

"அப்படியானால் விகிதம் அதிகமுள்ள பங்கை வாங்கலாமே!" என்பீர்கள். அங்கேதான் ஆபத்து. பங்கின் விலை விழுந்தாலும் விகிதம் ஏறும்!

அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியைப் பாருங்கள். நூறு ஆண்டுக்கு மேலாக ஈவு கொடுத்து வந்த கம்பெனி. 2017 தொடக்கத்தில் பங்கு விலை சுமார் 31 டாலர். மூன்று மாதத்துக்கு ஒரு முறை 24 சென்ட் ஈவு, ஆண்டுக்கு 96 சென்ட். விகிதம் சுமார் 3 சதவீதம். நவம்பரில் விலை சுமார் 20 டாலருக்கு இறங்கியது. விகிதம் 4½ சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. கம்பெனி ஒரு சென்ட் கூடக் கூட்டவில்லை!

நவம்பர் 13-ந் தேதி ஈவு பாதியாகக் குறைந்தது, 12 சென்ட். 2018 அக்டோபரில் ஒரே ஒரு சென்ட் என்று அறிவித்தார்கள். நூறு பங்கு வைத்திருந்தவருக்கு 24 டாலர் வந்த இடத்தில் 1 டாலர். ஈவை நம்பிக் குடும்பம் நடத்தியவர் கதி என்ன?

பழைய கணக்கைப் புரட்டியிருந்தால் ஓர் எச்சரிக்கை கிடைத்திருக்கும். அதே கம்பெனி 2009-லும் 31 சென்டை 10 சென்டாக வெட்டியது.

ஆகவே ஓராண்டுக் கணக்கு போதாது. பத்து ஆண்டு ஈவைப் பாருங்கள். கெட்ட ஆண்டில் வெட்டினார்களா? லாபத்திலிருந்து கொடுத்தார்களா, சேமிப்பைக் கரைத்தார்களா? ஒரே ஒரு முறை கொடுத்த சிறப்பு ஈவு நடுவில் இருந்தால் அதைத் தள்ளிவிடுங்கள். நிலம், ஆலை விற்ற பணமாக இருக்கலாம், மறுபடி வராது. கம்பெனி போனஸ் பங்கு கொடுத்திருந்தால், ஒரு பங்குக்கான ஈவு குறைந்தது போலத் தெரியும். அதற்குப் பயப்பட வேண்டாம். பங்குகளின் எண்ணிக்கை கூடியிருக்கும்.

லாப ஈவு வட்டி அல்ல. கொடுத்தே தீரவேண்டும் என்று சாதாரணப் பங்குக்குக் கட்டாயம் கிடையாது.

முதல் நாள் வாங்கலாமா?

ஈவு யாருக்கு என்று முடிவு செய்ய ஒரு தேதி குறிப்பார்கள். அன்று யார் பெயரில் பங்கு இருக்கிறதோ அவருக்கே பணம். அதற்கு முதல் நாள் வாங்கி, மறுநாள் விற்றுவிடலாம் என்று சிலர் தந்திரம் செய்கிறார்கள். பலிப்பதில்லை. ஏறக்குறைய ஈவுத் தொகை அளவுக்கு விலை இறங்கிவிடும். வந்த ஈவுக்கு வருமான வரி வேறு!

பெட்டிக்குள் பணம்

கேட்டு வாங்காத ஈவு ஏழு ஆண்டு கழிந்தால், முதலீட்டாளர் பாதுகாப்புக்கான மத்திய அரசின் நிதிக்குப் போய்விடும். தொடர்ந்து ஏழு ஆண்டு வாங்காவிட்டால் பங்கும் சேர்ந்து போகும். ஆனாலும் உரியவரோ, வாரிசோ திரும்பக் கேட்கலாம். தாத்தா பெயரில் பழைய பங்குப் பத்திரம் பெட்டியில் கிடக்கிறதா? எடுத்துப் பாருங்கள். அந்த நிதிக்கு மனுப் போடக் கட்டணம் கிடையாது.