வட்டமா அரிக்குதா? எல்லாம் படர்தாமரை இல்லீங்க!



மார்கழி, தை பனியில் நம்ம அரியூர் நாட்டில் கை, கால் தோல் வறண்டு வெடிக்கும். அந்தச் சமயத்தில் சிலருக்குக் காசு அளவில் வட்டமான படை வந்து, ராத்திரியெல்லாம் தூங்க விடாது. உடனே படர்தாமரைன்னு நினைச்சு, கடையில் ஏதோ களிம்பு வாங்கிப் பூசுகிறோம். முதலில் அடையாளம் பாருங்கள்.

காசு போன்ற கரப்பான்: சின்னக் கொப்புளங்கள் ஒன்று சேர்ந்து வட்டமாகும். நீர் கசிந்து பொருக்கு தட்டும். அரிப்பு அதிகம். பிறருக்குத் தொற்றாது.

படர்தாமரை: ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து பரவும். துண்டு, துணி மூலம் தொற்றும்.

தொழுநோய்த் தேமல்: வெளுத்தோ சிவந்தோ இருக்கும். அரிக்காது, தொட்டால் உணர்ச்சி குறைவாக இருக்கும். அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம், குணமாகும்.

கரப்பானுக்கு மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பைப் படர்தாமரைக்குப் பூசினால், முதலில் அரிப்பு அடங்கும்; பிறகு இன்னும் பரவும். அதனால் மருத்துவரிடம் காட்டிய பிறகே பூசுங்கள்.

கரப்பான் இருந்தால்:

* கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிக்காதீங்க. வெதுவெதுப்பான நீர் போதும்.
* குளித்து ஈரம் காயும் முன் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். நீர் கசியும் இடத்தில் வேண்டாம்.
* படை மேல் சோப்புப் போட்டுத் தேய்க்காதீங்க. நகத்தை வெட்டி வையுங்கள்.
* மண்ணெண்ணெய், பூண்டுச் சாறு பூசவே கூடாது. தோல் வெந்துவிடும்.
* அரிப்பு நின்னதும் மருந்தை நீங்களா நிறுத்தாதீங்க.

சீழ், காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

கரப்பான் வந்த தோழியைக் குழுக் கூட்டத்தில் தள்ளி உட்கார வைக்காதீங்க. இந்தப் பக்கத்தை அடுத்த கூட்டத்தில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டுங்கள்.